ரேஞ்ச்பைண்டர் டிஜிட்டல் கேமராவிற்கு எந்த பிளாஷ் பொருந்தும்?

கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு பலர் அடுத்து நினைப்பது ஒரு நல்ல கேமரா. எடுத்த படத்தை மானிட்டரில் பெரிதாக்கிப் பார்த்துப் பழகிவிட்டால், மொபைல் போன் படங்கள் போதவில்லை என்று தோன்ற ஆரம்பிக்கும். அப்படித் தேடிப் போகிறவர்களில் சிலர் டிஜிட்டல் ரேஞ்ச்பைண்டர் கேமராவிடம் போய் நிற்கிறார்கள். பழைய பிலிம் கேமரா போன்ற தோற்றம், கையில் அடங்கும் அளவு, சிறிய ஆனால் தரமான லென்ஸ்கள். விலைதான் பயமுறுத்தும். எனவே பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறார்கள்.

வாங்கி வந்து வீட்டுக்குள் நாலு படம் எடுத்ததும் அடுத்த கேள்வி வந்துவிடும். "இதில் பிளாஷ் எங்கே இருக்கிறது?"

எங்கும் இல்லை. 2004ல் வந்த எப்சன் ஆர்-டி1, 2006ல் வந்த லைக்கா எம்8, 2009ல் வந்த எம்9, அதன் பிறகு 2017ல் வந்த எம்10, 2022ல் வந்த எம்11 என எதிலும் உள்ளமைந்த பிளாஷ் கிடையாது. மேலே ஒரு ஹாட் ஷூ மட்டும் இருக்கும். அதில் நாம்தான் வெளி பிளாஷ் ஒன்றைப் பொருத்திக் கொள்ள வேண்டும். எதைப் பொருத்துவது என்பதில்தான் சிக்கல். நான் சில ஆண்டுகளாக ஆர்-டி1 பயன்படுத்தி வருவதால் நண்பர்கள் இது பற்றி அடிக்கடி கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கு சற்று விரிவாகத் தருகிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக் கொள்வோம். ரேஞ்ச்பைண்டர் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் உள்ள ஒரு சிறிய ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். அதன் நடுவில் ஒரே பொருள் இரண்டு பிம்பங்களாகத் தெரியும். லென்ஸைத் திருப்ப, இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து உட்காரும். அந்த இடத்தில் போகஸ் சரி. பியூஜி நிறுவனத்தின் எக்ஸ்-புரோ, எக்ஸ்100 வரிசைக் கேமராக்கள் பார்ப்பதற்கு இதே போல இருந்தாலும் அவற்றில் இந்த இயந்திர அமைப்பு இல்லை. அவை ஆட்டோபோகஸ் கேமராக்கள். அவற்றிற்கென்று தயாரான பிளாஷ்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. உங்களிடம் இருப்பது அந்த வகை என்றால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

ஷூவில் நுழைந்தால் போதுமா?

கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி. போர்ட்டில் ஒரு சாதனம் நுழைந்துவிட்டால், பெரும்பாலும் வேலை செய்யும். செய்யாவிட்டாலும் கெடுதல் இல்லை. ஹாட் ஷூ அப்படிப்பட்டதல்ல. அதன் உலோகச் சட்டத்தின் அளவு எல்லா நிறுவனத்திற்கும் ஏறத்தாழ ஒன்றுதான். எனவே ஒரு பழைய பிளாஷும் நுழையும், வேறு நிறுவனத்தின் பிளாஷும் நுழையும். நுழைவதால் மட்டும் அது பொருந்தும் என்று ஆகிவிடாது. மாறாக, கேமராவைக் கெடுக்கக் கூடிய பிளாஷும் அதே சுலபத்துடன் உள்ளே போய் உட்காரும்.

நுழையவே நுழையாத ஒன்றும் உண்டு. மினோல்டா நிறுவனம் 1988 முதல் தனக்கென்று வேறு வடிவ ஷூவை வைத்துக் கொண்டது. பின்னர் சோனியும் 2012ல் புதிய ஷூவிற்கு மாறும் வரை அதையே தொடர்ந்தது. அந்தக் காலகட்டத்து மினோல்டா, சோனி பிளாஷ்களை அடாப்டர் இல்லாமல் உங்கள் கேமராவில் வைக்க முடியாது. கடையில் மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஷூவின் நடுவில் வட்டமாக ஒரு உலோக முனை தெரியும். இதுதான் முக்கியமானது. ஷட்டர் முழுவதும் திறந்த நொடியில் கேமரா இந்த நடு முனையையும் சட்டத்தின் உலோகத்தையும் மின்சாரத்தால் இணைக்கும். பிளாஷ் எரியும். அவ்வளவுதான் அடிப்படை. நடு முனையைச் சுற்றி இருக்கும் சிறிய முனைகள் ஒவ்வொரு நிறுவனமும் தன் தன் பிளாஷுடன் பேசுவதற்காக வைத்துக் கொண்டவை. கேனானின் மொழி நிக்கானுக்குப் புரியாது. நிக்கானின் மொழி லைக்காவிற்குப் புரியாது. வேறு நிறுவன பிளாஷ் ஒன்றை லைக்காவில் வைக்க நேர்ந்தால், நடு முனையை மட்டும் விட்டுவிட்டு மற்ற முனைகளை மெல்லிய இன்சுலேஷன் டேப் துண்டால் மறைத்துவிடுவது என் வழக்கம். தேவையில்லாத பேச்சு நின்றுவிடும்.

வோல்டேஜைப் பார்க்காமல் வைக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பிலிம் கேமரா காலத்தில் பிளாஷை எரிய வைக்கும் சுவிட்ச் என்பது இரண்டு உலோகத் தகடுகள் தொட்டுக் கொள்வதுதான். அதன் வழியே 200 வோல்ட் போனாலும் தகடுகளுக்குப் பெரிய பாதிப்பில்லை. எனவே அன்றைய பிளாஷ் தயாரிப்பாளர்கள் தங்கள் சர்க்யூட்டின் உயர் வோல்டேஜை அப்படியே ஷூவின் நடு முனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். டிஜிட்டல் கேமராக்களில் அந்தத் தகடுகளின் இடத்தில் பெரும்பாலும் ஒரு சிறிய எலெக்ட்ரானிக் சுவிட்ச் இருக்கிறது. அதன் தாங்கும் சக்தி குறைவு. அதற்கு மேலான வோல்டேஜ் வந்தால் சுவிட்ச் எரிந்து போகும். உங்கள் அதிர்ஷ்டம் சரியில்லை என்றால் அதோடு சேர்ந்த சர்க்யூட்டும் போகும். முதல் படத்திலேயே நடக்கலாம். நூறு படம் எடுத்த பிறகும் நடக்கலாம். "என் கேமராவில் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் சொல்வதை ஆதாரமாக எடுத்துக் கொள்ளாதீர்கள்.

இதற்கு ஒரு சர்வதேசத் தரம் உண்டு. ஐ.எஸ்.ஓ. 10330 என்ற தரம் இந்த டிரிக்கர் வோல்டேஜுக்கு 24 வோல்ட் என எல்லை வைக்கிறது. சில கேமராக்கள் இதற்கும் குறைவாகவே தாங்கும். கேனானின் சில டிஜிட்டல் கேமராக்களுக்கு 6 வோல்ட்தான் எல்லை என்று சொல்லப்பட்டது. அதே கேனானின் உயர்ந்த மாடல்களும் நிக்கானின் டிஜிட்டல் கேமராக்களும் 250 வோல்ட் வரை தாங்கும். ஆகவே ஒரு நிக்கான் நண்பரின் அனுபவம் உங்கள் ரேஞ்ச்பைண்டருக்கு உதவாது. நான் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. 6 வோல்டிற்குக் கீழே என்றால் கவலையின்றி வைப்பேன். 6க்கும் 24க்கும் இடையே என்றால் கேமரா மேனுவலைப் பார்த்த பிறகுதான். 24ஐத் தாண்டினால் நேரடியாகக் கேமரா மீது வைப்பதே இல்லை. ஆர்-டி1 போன்ற, தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்ட கேமராவிற்கு மாற்றுப் பாகம் தேடி அலைவதைவிட இது மேல்.

வோல்டேஜை நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். பழைய முள் மீட்டர் வேண்டாம். அது தானே கொஞ்சம் மின்சாரத்தை இழுத்துக் கொண்டு, உண்மையைவிடக் குறைவான அளவைக் காட்டிவிடும். பிளாஷில் புதிய பேட்டரிகளைப் போட்டு ஆன் செய்யுங்கள். தயார் என்று காட்டும் சிறிய விளக்கு எரிந்த பிறகு சில நொடிகள் காத்திருங்கள். மீட்டரை டி.சி. வோல்டேஜில், 600 அல்லது 1000 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். சிவப்பு முனையைப் பிளாஷின் அடியில் உள்ள நடு முனையில் தொடுங்கள். கறுப்பு முனையை அதன் பக்கவாட்டில் உள்ள உலோகத்தில் தொடுங்கள். அடிப்பாகம் பிளாஸ்டிக் என்றால் ஓரத்தில் சிறிய உலோகத் தகடு ஒன்று தெரியும், அதுதான். அளவு மிகவும் குறைவாக வந்தால் மீட்டரை 20 வோல்ட் ரேஞ்சுக்கு மாற்றி மீண்டும் பாருங்கள். இரண்டு முனைகளும் தவறி ஒன்றோடு ஒன்று தொட்டால் பிளாஷ் எரிந்துவிடும். எனவே விளக்கை முகத்திற்கு நேரே வைத்துக் கொள்ள வேண்டாம்.

எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வருகிறதா? அந்தப் பிளாஷின் துருவம் தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம். நடு முனை பாசிட்டிவ் ஆக இருக்கும் பிளாஷ்தான் லைக்கா எம் வரிசைக்குத் தேவை. மைனஸ் வந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அளப்பதற்காகவோ சுத்தம் செய்வதற்காகவோ பிளாஷைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தேங்கி நிற்கும். பேட்டரியை எடுத்துவிட்டாலும் அது உடனே போய்விடாது. அடித்தால் விளையாட்டல்ல.

நான் அளந்து பார்த்த பழைய பிளாஷ்களில் ஒன்று 190 வோல்டுக்கு மேல் காட்டியது. பார்க்கப் புதிது போல, பெட்டியோடு இருந்தது. அதே அலமாரியில் இருந்த, கீறல் விழுந்த மற்றொன்று 5 வோல்ட்தான் காட்டியது. தோற்றத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. மாடல் எண்ணை வைத்தும் எப்போதும் சொல்ல முடியாது. 1970களில் தொடங்கி ஏராளமாக விற்ற விவிட்டார் 283 இதற்குச் சரியான உதாரணம். தொடக்கத்தில் ஜப்பானில் தயாரானவை மிக உயர்ந்த வோல்டேஜ் கொண்டவை. பிற்காலத்தில் வேறு நாடுகளில் தயாரானவற்றில் அது வெகுவாகக் குறைக்கப்பட்டது. பெயரும் எண்ணும் ஒன்றேதான்! அதன் தம்பியான 285 எச்.வி. பற்றி ஒரு தவறான கருத்தும் உலவுகிறது. பெயரில் உள்ள எச்.வி. என்பது ஹை வோல்டேஜ்தான். ஆனால் அது வெளியில் இணைக்கும் உயர் வோல்டேஜ் பேட்டரி பேக்கைக் குறிக்கிறது. டிரிக்கர் வோல்டேஜைக் குறிக்கவில்லை. அதற்காக அளக்காமல் வைத்துவிடாதீர்கள்.

கையில் இருப்பது உயர் வோல்டேஜ் பிளாஷ், விட மனமில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. வெய்ன் சேப் சிங்க் என்ற சிறிய இடைச் சாதனம் ஒன்று உண்டு. கேமராவிற்கும் பிளாஷிற்கும் இடையில் வைத்தால் கேமராவின் பக்கம் 6 வோல்டிற்கும் குறைவாகவே வரும். ஆனால் அதன் விலையில் பாதுகாப்பான ஒரு பழைய பிளாஷையே வாங்கிவிடலாமே என்று எனக்குத் தோன்றும்.

டி.டி.எல். கட்டாயம் வேண்டுமா?

பாதுகாப்பு முடிந்தது. இனி வெளிச்சம் சரியாக வருமா என்று பார்ப்போம்.

டி.டி.எல். என்றால் லென்ஸ் வழியே வந்த வெளிச்சத்தைக் கேமராவே அளந்து, போதும் என்று பிளாஷுக்குச் சொல்லும் முறை. டிஜிட்டல் கேமராவில் பிளாஷ் முதலில் ஒரு சிறிய மின்னலை அனுப்பும். கேமரா அதை அளந்து, உண்மையான மின்னலுக்கு எவ்வளவு சக்தி தேவை என்று தீர்மானிக்கும். கண் சிமிட்டும் நேரத்திற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

எப்சன் ஆர்-டி1 வைத்திருப்பவர்கள் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அதன் ஷூவில் நடு முனை மட்டும்தான் பயன்படுகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் டி.டி.எல். வேலை செய்யாது. லைக்கா எம்8 முதலான கேமராக்களில் டி.டி.எல். உண்டு. ஆனால் அதற்கு லைக்காவின் எஸ்.எப். வரிசை பிளாஷ் வேண்டும். அல்லது எஸ்.சி.ஏ. 3502 என்ற அடாப்டருடன் கூடிய மெட்ஸ் பிளாஷ் வேண்டும். அந்த அடாப்டரிலும் பல பதிப்புகள் உண்டு. டிஜிட்டலுக்கு முந்தையது உதவாது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சில பிளாஷ் பெட்டிகளில் "ஒலிம்பஸ், பானசோனிக், லைக்கா" என்று சேர்த்து அச்சிட்டிருப்பார்கள். அந்த லைக்கா உங்கள் லைக்காவாக இல்லாமல் போகலாம். பானசோனிக்குடன் சேர்ந்து லைக்கா வெளியிட்ட டி-லக்ஸ் போன்ற சிறிய கேமராக்களை மனதில் வைத்து எழுதியதாக இருக்கலாம். எம் வரிசை வேறு மொழி பேசும். பொருந்தும் கேமராக்களின் பட்டியலில் உங்கள் மாடலின் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

சரி, டி.டி.எல். இல்லாவிட்டால் குறைந்துபோய்விடுமா? என்னைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ரேஞ்ச்பைண்டரில் அப்பர்ச்சரை நாம் லென்ஸின் வளையத்தைக் கையால் திருப்பித்தான் வைக்கிறோம். போகஸும் கைதான். பிளாஷை மட்டும் கேமராவிடம் விட்டுவிட வேண்டும் என்று கட்டாயமில்லை. அதைவிட மலிவான, பல ஆண்டுகளாகச் சோதிக்கப்பட்ட வேறு ஒரு முறை இருக்கிறது.

தானே அளக்கும் பிளாஷ்

பழைய பிளாஷ்களின் முன்பக்கம் கவனித்துப் பாருங்கள். சிலவற்றில் சிறிய வட்டக் கண் ஒன்று இருக்கும். அதுதான் சென்சார். பிளாஷ் எரிந்ததும் எதிரில் உள்ள ஆளின் மீது பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை இந்தக் கண் அளக்கும். போதுமான அளவு வந்ததும் தானே மின்னலை நிறுத்திவிடும். கேமராவின் உதவி இதற்கு வேண்டாம். ஷூவின் நடு முனை மட்டும் போதும். இதை ஆட்டோ மோட் என்பார்கள். சுருக்கமாக ஏ என்று போட்டிருக்கும்.

பயன்படுத்துவது எளிது. பிளாஷில் ஐ.எஸ்.ஓ. எண்ணை வையுங்கள். அது ஒரு அப்பர்ச்சரைச் சொல்லும். உதாரணமாக எப்/5.6. லென்ஸிலும் அதே எப்/5.6 வையுங்கள். முடிந்தது. ஆள் 2 மீட்டரில் நின்றாலும் 4 மீட்டரில் நின்றாலும் வெளிச்சத்தைப் பிளாஷே பார்த்துக் கொள்ளும். எல்லாத் தூரத்திற்கும் அல்ல. எதிலிருந்து எது வரை என்று பிளாஷின் முதுகில் உள்ள அட்டவணையில் இருக்கும்.

நான் பரிந்துரைப்பது இந்த வகைதான். விவிட்டார் 285 எச்.வி.யில் நான்கு நிறங்களில் நான்கு அப்பர்ச்சர்களைத் தேர்ந்தெடுக்கலாம். தலையை மேலே திருப்பினாலும் கண் முன்னோக்கியே இருக்கும். நிக்கானின் எஸ்.பி. 28, எஸ்.பி. 800 போன்றவற்றில் இந்த வசதி உண்டு. ஆனால் எஸ்.பி. 600ல் கிடையாது! எஸ்.பி. 800ன் தம்பிதானே, விலை குறைவுதானே என்று அதை வாங்கினால், உங்கள் ரேஞ்ச்பைண்டரில் கையால் சக்தியைக் குறைத்துக் கூட்டி மட்டுமே பயன்படுத்த முடியும். கடைக்காரரிடம் "ஆட்டோ இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லாம் ஆட்டோதான் என்பார். "கேமரா இல்லாமல் தானே அளக்கும் சென்சார் இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

புதியது வேண்டும் என்பவர்களுக்கு கோடாக்ஸ் டி.டி.600 போன்ற, நடு முனை மட்டும் கொண்ட பிளாஷ்கள் இருக்கின்றன. இவற்றில் கண்ணும் இல்லை, டி.டி.எல்.லும் இல்லை. சக்தியை நாமே வைக்க வேண்டும். அப்படிப்பட்டதற்குத்தான் அடுத்த கணக்கு.

லென்ஸில் எழுதியிருக்கும் தூரம்

ஒவ்வொரு பிளாஷிற்கும் கைடு நம்பர் என்று ஒரு எண் உண்டு. ஐ.எஸ்.ஓ. 100ல், மீட்டர் கணக்கில், அந்த எண்ணைத் தூரத்தால் வகுத்தால் அப்பர்ச்சர் கிடைக்கும். கைடு நம்பர் 24. ஆள் 3 மீட்டர் தூரத்தில். 24ஐ 3ஆல் வகுத்தால் 8. லென்ஸில் எப்/8 வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 400 என்றால் கைடு நம்பர் இரட்டிப்பாகி 48 ஆகும். அப்போது அதே தூரத்திற்கு எப்/16. பிளாஷின் சக்தியைக் கால் பங்காகக் குறைத்தால் மீண்டும் 24.

மற்ற கேமராக்காரர்களுக்கு இதில் தூரத்தைக் கண்டுபிடிப்பதுதான் தலைவலி. நமக்கு அது பிரச்சினையே இல்லை. இரண்டு பிம்பங்களையும் ஒன்றாக்கிய பிறகு லென்ஸின் மேல் பாருங்கள். 3 மீட்டர் என்று அதிலேயே எழுதியிருக்கும். பழைய ஆட்கள் பிளாஷும் ரேஞ்ச்பைண்டரும் கையுமாகத் திரிந்து செய்தித்தாளுக்குப் படம் எடுத்தது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஐ.எஸ்.ஓ.வில் மட்டும் கவனம் தேவை. ஆர்-டி1ன் குறைந்த ஐ.எஸ்.ஓ. 200. எம்8ல் 160. எம்9ன் அடிப்படை ஐ.எஸ்.ஓ.வும் 160. எனவே 24 என்று அச்சிட்ட பிளாஷ், ஐ.எஸ்.ஓ. 200ல் 34 ஆகவும் 160ல் 30 ஆகவும் கணக்கில் வரும். பெட்டியில் 120 என்று பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது அடிக் கணக்காக இருக்கலாம். விவிட்டார் 283ன் 120 அடி என்பது சுமார் 36 மீட்டர்தான். சிலர் பிளாஷ் தலையை டெலி நிலைக்கு நீட்டி, அதில் வரும் பெரிய எண்ணை விளம்பரத்தில் போடுவார்கள். டி.டி.600ன் 60 என்ற எண் 200 மி.மீ. நிலைக்கு உரியது. 35 மி.மீ. லென்ஸுக்கு அவ்வளவு வராது.

அகலம் பற்றியும் ஒரு வார்த்தை. பிளாஷ் 35 மி.மீ. லென்ஸின் பார்வையை நிரப்பும் என்று போட்டிருந்தால், முழு அளவு சென்சார் கொண்ட எம்9ல் 28 மி.மீ. லென்ஸ் போட்டவுடன் மூலைகள் இருட்டாகும். அதே லென்ஸ் எம்8ல் சுமார் 37 மி.மீ. போலவும், ஆர்-டி1ல் 43 மி.மீ. போலவும் நடந்து கொள்வதால் அங்கே பிரச்சினை வராது. வீட்டின் வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பி அடித்தால் எந்தக் கேமராவிலும் இந்தக் கவலை இல்லை. முகத்தில் வெளிச்சமும் இதமாக விழும்.

ஷட்டர் வேகத்திற்கு ஒரு எல்லை

ஷட்டர் வேகம் ஒரு அளவுக்கு மேல் போனால், மின்னல் அடிக்கும் நொடியில் ஷட்டர் முழுவதும் திறந்திருக்காது. படத்தின் ஒரு பகுதி மட்டும் வெளிச்சமாக இருக்கும், மற்றது கறுப்புப் பட்டையாகும். இந்த எல்லை ஆர்-டி1ல் 1/125 நொடி. எம்8ல் 1/250. எம்9, எம்10, எம்11 ஆகியவற்றில் 1/180. இதற்குக் கீழே எந்த வேகமும் வைக்கலாம்.

வீட்டுக்குள் இதனால் தொந்தரவு இல்லை. வெயிலில்தான் இடிக்கும். எம்9ஐ ஐ.எஸ்.ஓ. 160ல், 1/180ல் வைத்தால் நல்ல வெயிலுக்கு எப்/16 அளவில் நிற்க வேண்டியிருக்கும். எப்/16ல் நம்முடைய 24 நம்பர் பிளாஷ் 2 மீட்டரைக் கூட எட்டாது. முகத்தின் நிழலைப் போக்கப் பகலில் பிளாஷ் போடும் எண்ணம் அதிகம் உள்ளவர்கள், சக்தி கூடியதாகவே பார்த்து வாங்குங்கள்.

ஷூ ஒன்றுதான்

ரேஞ்ச்பைண்டரில் 21 மி.மீ. போன்ற அகன்ற லென்ஸ் போட்டால், கேமராவின் ஜன்னல் அந்த அகலத்தைக் காட்டாது. தனியாக ஒரு வியூபைண்டர் வாங்கி மாட்ட வேண்டும். எங்கே மாட்டுவது? அதே ஹாட் ஷூவில்! எம்10, எம்11ல் மாட்டும் எலெக்ட்ரானிக் வியூபைண்டருக்கும் அந்த ஒரே இடம்தான். அது இருந்தால் பிளாஷ் இல்லை. எம்8, எம்9 இரண்டிலும் ஒயர் மூலம் பிளாஷை இணைக்கத் தனித் துளையும் கிடையாது. எம்10, எம்11 வைத்திருப்பவர்கள் பின்பக்கத் திரையில் பார்த்து எடுத்துக் கொள்ளலாம். மற்றவர்கள் அகன்ற லென்ஸையும் பிளாஷையும் சேர்த்துத் திட்டமிடாமல் இருப்பதே நல்லது.

அளவையும் யோசியுங்கள். நான்கு பேட்டரி போட்ட பெரிய பிளாஷ் ஒன்றைச் சிறிய ரேஞ்ச்பைண்டர் மீது வைத்தால் கேமரா தலைகுப்புறச் சாயும். ஷூவிற்கும் அது நல்லதல்ல. நான் பெரும்பாலும் ஒரு சிறிய ரேடியோ டிரிக்கரைக் கேமராவில் வைத்து, பிளாஷை அலமாரி மேல் நிறுத்திவிடுவேன். பிளாஷின் வோல்டேஜ் அப்போது ரிசீவரைத்தான் தாக்கும், கேமராவை அல்ல. ரிசீவருக்கும் ஒரு எல்லை உண்டு என்பதால் அதன் மேனுவலையும் ஒரு முறை பார்த்துக் கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரில் சோதித்துப் பாருங்கள்

வாங்கி வந்த பிளாஷ் சொன்னபடி வேலை செய்கிறதா என்று அறிய அரை மணி நேரம் போதும். யாரையாவது சரியாக 3 மீட்டர் தூரத்தில் உட்கார வையுங்கள். பிளாஷை முழு சக்தியில் வைத்து எப்/4, 5.6, 8, 11 என வரிசையாக எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் அப்பர்ச்சர் எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. சாதாரணமாகப் படத்தின் பைல் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் சென்று, டீடெய்ல்ஸ் டேப்பைத் திறந்தால் எல்லா விவரமும் கிடைக்கும். ரேஞ்ச்பைண்டர் லென்ஸோ தன் அப்பர்ச்சரைக் கேமராவிடம் சொல்வதில்லை. அந்த இடம் காலியாக இருக்கும், அல்லது கேமரா குத்துமதிப்பாகக் கணக்கிட்ட எண்ணாக இருக்கும். ஷட்டர் வேகமும் ஐ.எஸ்.ஓ.வும் மட்டும் சரியாக இருக்கும்.

படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து, ஹிஸ்டோகிராம் காட்டும் ஏதாவது ஒரு சாப்ட்வேரில் பாருங்கள். வரைபடம் வலது ஓரத்தில் முட்டிக் கொண்டு நின்றால் வெளிச்சம் அதிகம். எந்தப் படம் நன்றாக இருக்கிறதோ அதன் அப்பர்ச்சரை 3ஆல் பெருக்குங்கள். நீங்கள் வைத்த ஐ.எஸ்.ஓ.வில் உங்கள் பிளாஷின் உண்மையான கைடு நம்பர் அதுதான். அச்சிட்டதைவிடக் குறைவாக வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். படத்தின் நீள ஓரம் ஒன்றில் கறுப்புப் பட்டை தெரிந்தால் டீடெய்ல்ஸில் ஷட்டர் வேகத்தைப் பாருங்கள், எல்லையைத் தாண்டியிருப்பீர்கள். எம்8ல் மட்டும் கறுப்பு செயற்கை இழைத் துணிகள் ஊதா கலந்து தெரியலாம். அது பிளாஷின் குறையல்ல. அந்தக் கேமராவின் சென்சார் அகச்சிவப்பு ஒளியைச் சரியாகத் தடுப்பதில்லை. லென்ஸ் மீது அதற்கான பில்டரைப் போட்டால் சரியாகிவிடும்.

செகண்ட் ஹேண்ட் பிளாஷ் வாங்கும்போது பேட்டரி அறையைத் திறந்து பச்சை நிறக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பல ஆண்டுகள் சும்மா கிடந்ததென்றால், கேமராவில் வைக்கும் முன்பு பேட்டரி போட்டு சிறிது நேரம் ஆனில் விட்டு, டெஸ்ட் பட்டனை அழுத்திச் சில முறை எரிய வையுங்கள். தூங்கிப் போன கெபாசிட்டர் மெல்ல விழிக்கும். அதன் பிறகு மல்டிமீட்டரை எடுங்கள். பயன்படுத்தாத நாட்களில் பேட்டரிகளைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, மாதம் ஒரு முறை எடுத்து நாலைந்து தடவை எரிய வைத்தால் போதும்.